கீழாநெல்லியும் ஈரற் புற்றுநோயும்

மலையகத் தோட்டங்களிலே ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால், லயத்து மூதாட்டி முதலில் தேடுவது கீழாநெல்லியையே. வேரோடு பிடுங்கி அரைத்து, மோரிற் கலக்கி, விடியற்காலையில் வெறுவயிற்றிற் கொடுப்பார். இப் பூண்டுக்கும் ஈரற் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் தொடர்புண்டு என்பதைப் பலர் அறியார்.

அமெரிக்க விஞ்ஞானி புளூம்பேர்க், அவுஸ்திரேலியப் பழங்குடி ஒருவரது குருதியிற் கண்ட புதியதொரு பொருளைப் பற்றி 1965இல் அறிவித்தார். அஃது ஈரலழற்சி 'பி' வைரசின் மேலுறைப் புரதம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1976இல் அவர் நோபெல் பரிசு பெற்றார். இவ் வைரசு சிலரது ஈரலில் ஆண்டுக்கணக்காகக் குடிகொள்ளும். புண்படுவதும் ஆறுவதுமாக ஈரல் தழும்பேறி இறுகும். ஓயாது பிரியும் கலங்களிற் பிழைகள் சேர்ந்து ஈற்றிற் புற்று முளைக்கும். தாய்வானில் 22,707 ஆடவரைத் தொடர்ந்து கவனித்த பீஸ்லி குழுவினர், வைரசைத் தாங்கியோருக்கு இந்நோய் வரும் அபாயம் ஏனையோரினும் 223 மடங்கு என 1981இல் எழுதினர்.

வைரசை அகற்ற வழியுண்டா? சென்னையில் தியாகராசன் குழுவினர், புளூம்பேர்க்கும் உடன்சேர, கீழாநெல்லியையே சோதித்தனர். அதன் பொடியை 30 நாள் உண்ட 37 பேரில் 22 பேரது குருதியில் வைரசின் அடையாளம் மறைந்தது. போலிமருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. 1988இல் 'லான்செட்' இதழில் இது வெளிவந்தபோது நம்மவர் உள்ளம் பூரித்ததில் வியப்பில்லை. ஆயின், தாய்லாந்து முதலிய இடங்களிற் பின்னர் நிகழ்ந்த சோதனைகளில் அப்பயன் கிட்டவில்லை. பாட்டியின் மருந்தென்ற பற்று ஒருபுறமிருக்க, இதனை மறைத்தல் முறையன்று.

தடுப்பூசியோ வென்றது. தாய்வான் 1984இல் குழந்தைகளுக்கு அதனை இடத் தொடங்கியபின், சிறுவரிடையே ஈரற் புற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இலங்கையிலும் 2003 முதல் இடப்படுகின்றது.

நிற்க. இந்நாட்டில் அவ் வைரசு அரிது. இங்கு ஈரலை இறுகச் செய்வன பெரும்பாலும் மதுவும், நீரிழிவோடும் உடற்பருமனோடும் சேர்ந்து வரும் ஈரற் கொழுப்புமாம். தோட்டத்துச் சம்பள நாளில் எது பெருகியோடும் என்பதை யான் சொல்ல வேண்டுவதில்லை. ஈரலோ வாய்பேசா உறுப்பு. புற்று வளர்ந்து, வயிறு வீங்கிக் காமாலை தோன்றும்வரை பெரும்பாலும் வலிகூடக் காட்டாது. அதனாலேயே ஈரல் இறுகியோர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும் என்கின்றனர். சிறு கட்டியாயின் அறுத்தெடுக்கலாம். ஊசி செலுத்திச் சுட்டழிக்கலாம். தக்கோருக்கு மாற்றீரலும் பொருத்தலாம். முற்றியபின் மருந்துகள் வாழ்நாளைச் சிறிது நீட்டுவன.

யான் அறிந்த கங்காணி ஒருவர் மூன்று வாரம் கீழாநெல்லி குடித்தபின்பே வைத்தியசாலை சென்றார். அப்போது கட்டி கையகலம் இருந்தது.