பல்லில் கறை... குற்றவாளி யார்?

மாணவச் செல்வங்களே! காலையில் பல் விளக்கியதும் கண்ணாடியில் பார்ப்பீர்கள்தானே? பற்கள் முத்து முத்தாகத் தெரிந்தால் சந்தோஷம்தான். ஆனால், எவ்வளவு தேய்த்தாலும் காவிக் கறை போகவே இல்லை என்றால்?

அப்படி ஒரு மாணவன் என் வகுப்பில் இருந்தான். 1990-களில் தர்மபுரி மாவட்டக் கிராமப் பள்ளி ஒன்றில் நான் வேலை பார்த்தேன். அவன் நன்றாகப் படிப்பான். ஆனால், சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வான். ஒருநாள், “ஏண்டா, நீ பல்லே விளக்க மாட்டியா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. மறுநாள் ஈறு வீங்கிப் போய் வந்தான். செங்கல் பொடியால் தேய்த்தானாம்! கறை மட்டும் அப்படியே இருந்தது.

சில வாரம் கழித்துப் பள்ளிக்கு வந்த சுகாதார ஆய்வாளர் அவன் வாயைப் பார்த்துவிட்டு, “சார், இது அழுக்கு இல்லை. இந்த ஊர்த் தண்ணியில இருக்கிற புளோரைடு செய்த வேலை” என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தப் புளோரைடின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

துப்பறிந்த பல் டாக்டர்

1901-ம் ஆண்டு, ஃபிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்கு வந்தார். அங்கே பிறந்து வளர்ந்த பலருக்கும் பல்லில் காவிக் கறை! காரணம் யாருக்கும் தெரியவில்லை. மெக்கே விடவில்லை, ஊர் ஊராகப் போய் விசாரித்தார். ஒரு வேடிக்கையும் கண்டார். கறை படிந்த அந்தப் பற்களில் சொத்தை குறைவாக இருந்தது!

1923-ல் ஐடஹோ மாநிலத்தில் ஓக்லி என்ற சிற்றூருக்குப் போனார். ஒரு வெந்நீர் ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்த பிறகுதான் பிள்ளைகளுக்குக் கறை வந்தது என்றார்கள் பெற்றோர். “அந்தத் தண்ணீரை விட்டுவிட்டு வேறு ஊற்று நீரைக் குடியுங்கள்” என்றார் மெக்கே. சில ஆண்டுகளில், புதிதாக முளைத்த பற்கள் கறையில்லாமல் வந்தன! தண்ணீரில் இருந்தது என்ன? 1931-ல் சர்ச்சில் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தார். அது புளோரைடு.

பத்து லட்சத்தில் ஒரு பங்கு

நாம் இனிப்பு தின்றதும் வாயில் உள்ள கிருமிகள் அமிலத்தை உண்டாக்கும். அது பல்லின் மேல்பூச்சான எனாமலில் உள்ள தாதுக்களைக் கரைக்கும். அதுதான் சொத்தையின் ஆரம்பம். போன தாதுக்கள் மறுபடி பல்லில் சேரப் புளோரைடு உதவுகிறது. ஆனால், ஈறுக்குள் பல் உருவாகிற வயதில் புளோரைடு அதிகமானால் எனாமலே கெட்டுவிடும். மிக அதிகமாகப் பல ஆண்டுகள் உடலில் சேர்ந்தால் எலும்பையும் பாதிக்கும்.

அப்படியானால் எவ்வளவு இருக்கலாம்? டிரெண்ட்லி டீன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1930-களில் ஆராய்ந்தார். ஒரு லிட்டருக்கு சுமார் 1 மில்லிகிராம் இருந்தால், மோசமான கறையும் வராது, சொத்தையும் குறையும் என்றார். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை 1 கிலோ. அதாவது 10 லட்சம் மில்லிகிராம். பத்து லட்சம் ரூபாயில் ஒரே ஒரு ரூபாய் மாதிரி! அவ்வளவுதான் கணக்கு.

1945 ஜனவரி 25-ந் தேதி மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரம், உலகிலேயே முதல்முறையாகக் குடிநீரில் புளோரைடைக் கலந்தது. 15 ஆண்டுகள், ஏறத்தாழ 30 ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளின் பற்களைச் சோதித்தார்கள். கலக்க ஆரம்பித்த பின் பிறந்த பிள்ளைகளிடம் சொத்தை 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது!

கலக்கலாமா, கூடாதா?

“பற்பசை வாங்கவும் டாக்டரிடம் போகவும் காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் பலன் கிடைக்கிறதே” என்கிறார்கள் ஒரு சாரார். “என்னைக் கேட்காமல் என் தண்ணீரில் எதற்குக் கலக்க வேண்டும்? அதுதான் பற்பசையிலேயே இருக்கிறதே” என்கிறார்கள் மறு சாரார். இரண்டிலும் நியாயம் இருக்கிறது அல்லவா? புளோரைடு பற்பசை பரவிய பிறகு, தண்ணீரில் கலப்பதால் வரும் பலன் முன்பைவிடக் குறைந்துவிட்டதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

2024-ல் அமெரிக்க அரசு அமைப்பு ஒன்று, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குழந்தைகளின் அறிவுத்திறன் குறைவதோடு தொடர்பு தெரிகிறது என்றது. அமெரிக்காவில் கலக்கச் சொல்லும் அளவு 0.7 மில்லிகிராம். அந்த அளவில் பாதிப்பு உண்டா என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றும் அதுவே சொன்னது. 2025-ல் யூட்டா மாநிலம் கலப்பதைத் தடை செய்தது. அதே 2025-ல் கனடாவின் கால்கரி நகரம், 2011-ல் நிறுத்தியதை மறுபடி ஆரம்பித்தது! நிறுத்திய பின் பிள்ளைகளுக்குச் சொத்தை கூடியதைப் பார்த்த மக்கள், ஓட்டுப் போட்டு எடுத்த முடிவு அது.

நம் ஊரில்?

நம் கதை நேர்மாறு. தர்மபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளில் யாரும் கலக்கவில்லை; பாறையே கலந்துவிட்டது! போர்வெல் தண்ணீரில் பல இடங்களில் புளோரைடு அளவுக்கு மிஞ்சியது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பு 1.5 மில்லிகிராம். அதனால்தான் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது.

ஒன்றை நினைவில் வையுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்! பற்பசையைப் பட்டாணி அளவே எடுங்கள், விழுங்காமல் துப்புங்கள். உங்கள் ஊர்க் குடிநீரைப் பரிசோதித்தார்களா என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.

அந்த மாணவனிடம், அதே வகுப்பில், எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை சார்” என்று சிரித்தான். அப்போதும் கை வாயை மூடியே இருந்தது. உங்கள் வகுப்பில் அப்படி ஒரு நண்பன் இருந்தால் கேலி செய்யாதீர்கள். கறைக்குக் காரணம் அவன் இல்லை, தண்ணீராக இருக்கலாம். சரிதானே, செல்வங்களே?