பிளான் ஒன்று, கட்டடம் ஒன்று

முப்பது ஆண்டுகளுக்கு முன் சென்னையில் அரை கிரவுண்டு வாங்கி வீடு கட்ட நினைத்தவர், மேஸ்திரியைத் தேடுவதற்கு முன் பிளானுக்கு அனுமதி தரும் ஆபீஸில் ஆள் தெரிந்தவரைத் தேடுவார். பெரும்பாலும் அவர் ஒரு லைசென்ஸ்டு சர்வேயராக இருப்பார். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா நகல் எல்லாவற்றையும் அவர் கையில் கொடுத்துவிட்டால் போதும். அம்மோனியா நெடி அடிக்கும் புளூபிரிண்டுகளைப் பல பிரதி எடுத்து, சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு அவர் கொண்டுபோவார். ஃபைல் ஒவ்வொரு மேஜையாக நகரும். எந்த மேஜையில் நின்றது, ஏன் நின்றது என்பதை அவர்தான் வந்து சொல்வார். மாதங்கள் கழித்து முத்திரை குத்திய பிளான் வீட்டுக்கு வந்து சேரும். அதை மஞ்சள் குங்குமம் வைத்து பீரோவில் பூட்டிவிட்டு வேலையைத் தொடங்குவார்கள்.

பூட்டியதில் அர்த்தம் இருந்தது. அந்தப் பிளானைப் பார்த்து யாரும் கட்டப் போவதில்லை. மேஸ்திரியின் கையில் இருந்தது வேறு பிளான். ஆபீஸ் பிளானில் தூண்களுக்கு நடுவே கார் நிறுத்தும் இடம். கட்டியபோது அங்கே இரண்டு கடை, இரண்டு ஷட்டர். ஆபீஸ் பிளானில் திறந்த மொட்டை மாடி. கட்டியபோது ஷீட் போட்ட ஒரு போர்ஷன், மாதம் பிறந்தால் வாடகை. பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தில் மாடிப்படி ஏறும். சன்ஷேடு பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த இடைவெளி காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் தீயணைப்பு வீரர் நுழைவதற்கும் விடச் சொன்னது என்று யாரும் நினைத்ததில்லை. சர்க்கார் வீணாக்கச் சொல்லும் நாலு அடி என்றுதான் நினைத்தார்கள்.

சட்டம் இல்லாமல் இப்படி நடக்கவில்லை. சென்னை நகரமைப்புச் சட்டம் 1920-லேயே வந்துவிட்டது. தேசிய கட்டட விதித்தொகுப்பின் முதல் பதிப்பு 1970-ல் வெளியானது. தமிழ்நாடு நகர், ஊரமைப்புச் சட்டம் 1971-ல் இயற்றப்பட்டது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏ 1974-ல் சட்டப்பூர்வ அமைப்பானது. அடுத்த ஆண்டே முதல் பெருந்திட்டம் நடைமுறைக்கு வந்தது. அனுமதியை மீறிய கட்டடத்துக்கு நோட்டீஸ் கொடுக்கலாம், வேலையை நிறுத்தலாம், சீல் வைக்கலாம், இடிக்கலாம். அதிகாரம் அத்தனையும் காகிதத்தில் இருந்தது. கூடவே அதே 1971 சட்டத்தின் 113-ஆம் பிரிவில், எந்தக் கட்டடத்துக்கும் அரசு விதிவிலக்குத் தரலாம் என்ற வாசலும் திறந்திருந்தது.

அந்த வாசல் வழியே எவ்வளவு பேர் போனார்கள் என்பதை ஒரு நுகர்வோர் அமைப்பு உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. 2000-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், பிரிவு செல்லும் என்று சொன்ன நீதிமன்றம், அதன்கீழ் வழங்கப்பட்ட 62 விலக்கு ஆணைகளையும் ரத்து செய்தது. அதற்குள் இன்னொரு வாசல் திறந்தாயிற்று. 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, 1999 பிப்ரவரி 28 வரை கட்டிய விதிமீறல் கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்தும் திட்டம் வந்தது. ஒரே ஒரு தடவைதான் என்றார்கள். 2000, 2001, 2002 என்று மறுபடி மறுபடி வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2006-ல் முதல் திட்டத்தை மட்டும் விட்டுவைத்து, பிந்தைய நீட்டிப்புகளைச் செல்லாதென்றது. பிறகு 113-சி வந்தது. 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கு மறுபடியும் ஒரு சலுகை. அதற்கான வழிகாட்டுதல்கள் 2017-ல் வெளிவந்தன.

இதிலிருந்து ஊர் கற்றுக்கொண்ட பாடம் எளியது: கட்டிவிடு, பிறகு ஸ்கீம் வரும். விதியை மதித்துப் பின்பக்கம் இடம் விட்டவர் ஏமாளியானார். விடாதவர் வாடகையும் வாங்கினார், கடைசியில் ஒரு தொகையைக் கட்டி ரசீதும் வாங்கினார்.

நகரத்தின் விளிம்பில் கதை இன்னும் எளிது. 'பஞ்சாயத்து அப்ரூவ்டு பிளாட்' என்ற போர்டு ஜிஎஸ்டி சாலை நெடுகிலும் நின்ற காலம் அது. மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. ஆனாலும் அவர் கையெழுத்தை நம்பி ஏரிக்கரையிலும் நன்செயிலும் மனை வாங்கினார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை விதித்தபோதுதான், கையில் இருப்பது எதுவென்று பலருக்குத் தெரிந்தது. அதற்கும் 2017 மே மாதத்தில் முறைப்படுத்தும் விதிகள் வந்தன.

இந்தப் பழக்கத்தை உலுக்கியவை சாவுகள்தான். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடச் சமையற்கொட்டகையில் பிடித்த தீ ஓலைக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. குறுகலான படிக்கட்டைக் காகிதத்தில் அளந்தவர்கள் இருந்திருப்பார்கள். பிள்ளைகள் இறங்கி ஓட முடியுமா என்று பார்த்தவர் இல்லை. 2014 ஜூன் 28 அன்று போரூரை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் குடியிருப்பு, மழை பெய்த ஒரு மாலையில் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள்.

மவுலிவாக்கத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அது திருட்டுத்தனமாக எழும்பிய கட்டடம் இல்லை. சிஎம்டிஏ திட்ட அனுமதி இருந்தது. அந்த அனுமதி பார்ப்பது உயரத்தை, சாலை அகலத்தை, சுற்றிலும் விடும் இடத்தை. மண் தாங்குமா, தூண் தாங்குமா என்பது கட்டுபவரும் அவருடைய பொறியாளரும் ஏற்கும் பொறுப்பு. அந்தப் பொறுப்பை ஏற்றவர் அதை நிறைவேற்றுகிறாரா என்று வேலை நடக்கும் இடத்தில் போய்ப் பார்க்க ஆளில்லை. பக்கத்தில் நின்ற இன்னொரு கோபுரமும் உறுதியற்றது என்று முடிவாகி, 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அது சில வினாடிகளில் சரிந்ததைத் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டின. கண் கெட்ட பிறகு செய்த சூரிய நமஸ்காரம் அது.

இன்றைய நிலைமை பலவிதங்களில் மேல். 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகள், ஊருக்கொரு சட்டம் என்றிருந்ததை மாற்றி மாநிலம் முழுதுக்கும் ஒரே புத்தகம் ஆக்கின. சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5 ஆக இருந்த எஃப்எஸ்ஐ, அதாவது தளப்பரப்புக் குறியீடு, 2 ஆனது. மனிதர்கள் உண்மையில் கட்டும் அளவுக்கு விதி கொஞ்சம் நெருங்கி வந்தது. பொறியாளர், கட்டடக்கலைஞர், கட்டமைப்புப் பொறியாளர் பதிவு செய்திருக்க வேண்டும். கட்டும்போதே படிப்படியாக ஆய்வு வேண்டும். பணி முடிப்புச் சான்று இல்லாவிட்டால் மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்பு இல்லை.

இவற்றில் பல் உள்ளது கடைசி விதிதான். நோட்டீசுக்குப் பயப்படாதவர் ஈபி கனெக்‌ஷனுக்குப் பயப்படுவார். கட்டுமான வேலைக்கென்று வாங்கிய தற்காலிக இணைப்புக்குக் கட்டணம் அதிகம். அதை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாது. எனவே மீறிய பால்கனியைத் தாமே உடைத்துவிட்டுச் சான்றுக்கு வந்து நிற்பவர்களும் உண்டு. ஆனால் அந்தப் பல்லும் சீக்கிரமே தேய்ந்தது. 2024-ல் 750 சதுர மீட்டருக்குள் அடங்கும் எட்டு வீடுகள் வரையிலான குடியிருப்புகளுக்கு முடிப்புச் சான்று வேண்டாம் என்று விலக்கு வந்தது. தெருவுக்குத் தெரு எழும்பும் அடுக்குமாடிகளில் பெரும்பகுதி இந்த அளவுக்குள்தானே வரும்?

அதே 2024 ஜூலையில் சுயசான்று முறையும் வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கட்டுபவர் ஆன்லைனில் விவரம் கொடுத்து, 'விதிப்படி கட்டுவேன்' என்று தாமே உறுதி சொல்லி, கட்டணம் செலுத்தினால் அனுமதி உடனே வந்துவிடுகிறது. கட்டும் முன் அதிகாரி வருவதில்லை. முடிப்புச் சான்றும் கேட்பதில்லை. புளூபிரிண்டுச் சுருளோடு மேஜை மேஜையாக நின்றவர்களுக்கு இது பெரிய விடுதலை. மேஜைகள் குறைந்தால் கைநீட்டலும் குறையும். இதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் கணக்குப் பாருங்கள். அன்று வாசலில் கெடுபிடி, உள்ளே கட்டும்போது யாருமில்லை, முடிந்தபின் ஸ்கீம். இன்று வாசலிலும் கெடுபிடி இல்லை, சிறு கட்டடத்துக்கு முடிவிலும் கேள்வி இல்லை. நடுவில், கம்பி கட்டி கான்கிரீட் போடும் அந்த ஆறு மாதமோ இரண்டு வருடமோ, அன்றும் காலியாகத்தான் இருந்தது, இன்றும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. கான்கிரீட் இறுகிய பிறகு உள்ளே என்ன கம்பி என்று யாருக்குத் தெரியும்?

வந்து பார்த்தால் விதி நிற்கும் என்பதற்கு நம்மிடமே சாட்சி உண்டு. 2003-ல் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, ஊழியர்கள் வீடு வீடாக வந்து குழி எங்கே, குழாய் எங்கே என்று கேட்டார்கள். சில மாதங்களில் பழைய வீடுகள்கூட மொட்டை மாடிக் குழாயைக் கிணற்றுக்குத் திருப்பின. வருவது நின்றதும் பல குழிகளில் மண் மூடியது.

கருத்துக் கேட்பும் மாறித்தான் இருக்கிறது. அன்று அரசிதழில் ஓர் அறிவிப்பு, ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் தரவும் என்று ஒரு வரி. இன்று 2026 முதல் 2046 வரையிலான மூன்றாம் பெருந்திட்டத்துக்கு இணையத்தில் கருத்து கேட்கிறார்கள், கூட்டம் போடுகிறார்கள். ஆனால் மைக் முன் நிற்பவர்கள் யார்? கட்டுநர் சங்கங்கள் எஃப்எஸ்ஐ கூட்டச் சொல்லும். பொறியாளர் சங்கங்கள் பதிவு விதிகளைத் தளர்த்தச் சொல்லும். அவர்கள் கேட்பதில் நியாயமும் இருக்கலாம். பக்கத்து மனையில் தோண்டியதில் சுவர் விரிந்த வீட்டுக்காரரும், சிமென்ட்டைக் குறைக்கச் சொன்னதைக் கேட்டு வாயை மூடிக்கொண்ட கொத்தனாரும் அங்கே வருவதில்லை. கட்டும் நாட்களில் நடப்பதைத் தினமும் கண்ணால் பார்ப்பவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான்.

2024 டிசம்பரில் உத்தரப் பிரதேச வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் நாடு முழுதுக்கும் பிறப்பித்த உத்தரவுகளில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. அனுமதித்த பிளானின் நகலைக் கட்டும் காலம் முழுவதும் வேலை நடக்கும் இடத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். அதிகாரிகள் அவ்வப்போது வந்து ஆய்வு செய்து பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்கிறது அது. முதல் பாதி செலவில்லாத காரியம். பிளான் பீரோவிலிருந்து வாசலுக்கு வந்தால், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு டேப்பைப் பிடித்து அளந்துவிடுவார். இரண்டாம் பாதிக்கு ஆட்கள் வேண்டும், அவர்களுக்குச் சம்பளம் வேண்டும். அடுத்த கருத்துக் கேட்பில் அரசு என்ன தளர்த்தலாம் என்று கேட்பதற்கு முன், கட்டும் இடத்துக்கு யாரை அனுப்பப் போகிறது, புகார் சொல்லும் கொத்தனாரின் கூலிக்கு யார் பொறுப்பு என்று சொல்லட்டும். இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத வரை, எவ்வளவு நல்ல விதி எழுதினாலும் பிளான் ஒன்றாகவும் கட்டடம் ஒன்றாகவும்தான் இருக்கும்.