இணைய மறுத்த கணினியும் இணைய வேண்டிய இல்லமும்

1931-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12-ஆம் நாள், அறிஞர் மார்க்கோனி அமைத்துக் கொடுத்த வத்திக்கான் வானொலி நிலையத்திலிருந்து திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் உலகத்தாரை நோக்கி உரையாற்றினார். கம்பியின் துணையின்றிக் குரல் கடல் கடந்ததை அன்று மாந்தர் வியந்தனர். இன்றோ அவ்வினத்து அலைகளே நம் வீட்டுக் கூடத்திலும் அடுக்களையிலும் உலவுகின்றன. நாம் வியப்பதில்லை, அவை நின்றுவிட்டால் மட்டும் சினம் கொள்கிறோம்.

அண்மையில் நம் பங்கைச் சேர்ந்த ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவர்தம் பெயர் வேண்டா. இசைவு பெற்றே எழுதுகிறோம். மாலைச் செபமாலை முடிந்திருந்தது. கல்லூரி விடுதியிலிருந்து அன்றுதான் வந்திருந்த மகள், மடிக்கணினியின் முன் கண் கலங்கி அமர்ந்திருந்தாள். உதவித்தொகை விண்ணப்பத்தை மறுநாளுக்குள் அனுப்பியாக வேண்டும். கணினியோ வீட்டு வைஃபையுடன் இணைய மறுத்தது. "கண்டதையும் தட்டிக் கெடுத்துவிட்டாள்" என்று தந்தை கடிந்தார். இணைப்புத் தந்த நிறுவனத்தைத் தாய் நொந்துகொண்டார். இளைய மகனோ ரூட்டரின் பின்புறச் சிறு துளையில் குண்டூசியைச் செருக முனைந்தான். தடுத்தோம். அத்துளையை அழுத்திப் பிடித்தால் அதில் பதிந்துள்ள அமைப்புகள் யாவும் அழிந்துபோகும். அது இறுதி மருந்து, முதல் மருந்தன்று.

நோயறிந்தன்றோ மருந்திட வேண்டும்! அதற்கோர் ஒழுங்கு உண்டு.

முதலாவது, குறை ஒரு கருவியிலா, வீடு முழுவதிலுமா என்று காண்க. கைபேசியின் சொந்த இணையத்தை அணைத்துவிட்டு, வைஃபையில் மட்டும் அது இயங்குகிறதா எனச் சோதித்தல் வேண்டும். எதுவுமே இயங்காவிடில், ரூட்டரின் மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிடம் கழித்து மீண்டும் இட்டு, சில நிமிடங்கள் பொறுத்திருக்க. கண்ணாடி இழை இணைப்பில் 'எல்.ஓ.எஸ்.' என்னும் விளக்கு சிவந்து எரிந்தால், வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். அப்போது நிறுவனத்தாரை அழைப்பதே முறை.

இரண்டாவது, கணினி ஒன்றில் மட்டுமே குறையெனில், அதில் 'விமான நிலை' தவறுதலாக இயக்கப்பட்டுள்ளதா என நோக்குக. பின்னர் கணினியை ஒருமுறை அணைத்து எழுப்புக.

மூன்றாவது, இடம். பல ரூட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இருவகை அலைகளைத் தருகின்றன. ஐந்து விரைவானது, ஆயின் சுவர்களைக் கடக்கையில் வலு இழக்கும். மற்றது தொலைவு செல்லும். ஆயின் அருகில் மைக்ரோவேவ் அடுப்பு இயங்கினால் தடுமாறும். பழைய கணினிகள் சிலவற்றுக்கு ஐந்தைப் பற்றத் தெரியாது.

நான்காவது, கடவுச்சொல். ரூட்டரில் சொல் மாறியிருந்தாலும் கணினி பழைய சொல்லையே நினைவில் வைத்திருக்கும். அமைப்புகளில் அந்த இணைப்பை 'மறந்துவிடு' எனப் பணித்து, புதிய சொல்லைப் பிழையின்றி இடல் வேண்டும்.

அவ்வில்லத்தில் தாயின் கைபேசி தடையின்றி இயங்கிற்று. ஆகவே ரூட்டர் குற்றமற்றது. கணினியில் இரண்டாவதும் மூன்றாவதும் சரியாகவே இருந்தன. "கடவுச்சொல்லை எவரேனும் மாற்றினீர்களா?" என்று வினவினோம். எவரும் வாய் திறக்கவில்லை. பின் தாய் தாழ்ந்த குரலில், "பெரியவன்தான் மாற்றினான், சாமி" என்றார். மூன்று வாரங்களுக்கு முன் வந்திருந்த மூத்த மகன், அண்டை வீட்டார் பலரும் அறிந்துவிட்ட சொல்லை மாற்றி, தாயின் கைபேசியில் மட்டும் பதித்திருக்கிறான். அன்றிரவே வேலையைப் பற்றித் தந்தையோடு வாக்குவாதம் முற்றி, ஊருக்குத் திரும்பிவிட்டான். அதன்பின் இருவருக்கும் பேச்சில்லை.

அச்சொல்லைத் தாயின் கைபேசியிலிருந்தே அறியவும் வழியுண்டு. மகள் அதற்குக் கை நீட்டினாள். நாமோ தந்தையை நோக்கி, "அவனையே கேட்டுவிடுங்களேன்" என்றோம். அவர் நெடுநேரம் தயங்கிப் பின் அழைத்தார். "தம்பி, அந்தக் கடவுச்சொல் என்னப்பா?" மறுமுனையில் சொல்லச் சொல்ல, நாட்காட்டியின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்தும் கைபேசியைக் கீழே வைக்கவில்லை. "சாப்பிட்டாயா?" என்றபடியே திண்ணைக்குச் சென்றார். அவர் திரும்பி வருமுன் மகளின் விண்ணப்பம் சென்று சேர்ந்துவிட்டது.

அன்பர்களே, உங்கள் வீட்டுக் கடவுச்சொல்லைக் குடும்ப ஏட்டில் எழுதி வையுங்கள். மாற்றினால் அனைவருக்கும் அறிவியுங்கள். கருவி பழுதுறும்போது கடிந்துகொள்ளுமுன் ஒழுங்காகத் தேடுங்கள். ஏற்கப்படாத பழைய சொல்லையே கணினி மீண்டும் மீண்டும் சொல்லிக்கொண்டிருந்தது போல், நாமும் நம் இல்லங்களில் பழைய கடுஞ்சொல்லையே பற்றிக்கொண்டிருக்கிறோமா? அதனை மறந்துவிட்டுப் புதிதாய் ஒரு சொல் சொல்வோமாக.