கறையானும் கைகொடுக்கும் மண்

விளைச்சல் குறைந்தால் மழையைக் குறைகூறுவது உலக வழக்கம். ஆனால், பெய்த மழையை நிலமே ஏற்க மறுத்தால் என்ன செய்வது? மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள புர்கினா ஃபாசோவின் விவசாயிகள் எதிர்நோக்கிய சிக்கல் இதுதான்.

சஹாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பை ஒட்டிய வறண்ட பகுதி சாஹேல் எனப்படுகிறது. 1970களிலும் 1980களிலும் அங்குக் கடும் வறட்சி நிலவியது. மரங்கள் அழிந்தன. ஓய்வின்றிப் பயிரிடப்பட்ட மண்ணில் மக்கும் பொருள் தீர்ந்துபோனது. மேல்மண் ஓடுபோல் இறுகியது. பெய்த கொஞ்சநஞ்ச மழையும் வழிந்தோடி, மிஞ்சிய நல்ல மண்ணையும் அடித்துச் சென்றது.

பலர் ஊரைவிட்டு வெளியேறிய அக்காலத்தில், யாக்கூபா சவடோகோ என்பவர் சந்தை வியாபாரத்தை விட்டுவிட்டு யாத்தெங்கா வட்டாரத்தில் உள்ள தம் நிலத்துக்குத் திரும்பினார். முன்னோர் கையாண்ட 'ஸாய்' எனும் குழிமுறையைச் சற்று மாற்றியமைத்தார்.

குழி செய்யும் வேலை

இம்முறை மிக எளிது. கோடையிலேயே ஏறத்தாழ 20 முதல் 30 சென்டிமீட்டர் அகலத்தில் சிறு குழிகள் வெட்டப்படுகின்றன. அவற்றில் சாணமும் மக்கிய உரமும் இடப்படுகின்றன. அதைத் தின்ன வரும் கறையான்கள் மண்ணைத் துளைத்து வழி ஏற்படுத்துகின்றன. முதல் மழை பெய்ததும் நீர் குழியில் தேங்கி, அந்தத் துளைகள் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. அங்கேயே சோளமோ கம்போ விதைக்கப்படுகிறது. நாம் எதிரியாகக் கருதும் கறையான், அங்கு உழவனுக்குத் துணைவன்!

குழிகளில் மர விதைகளையும் இட்ட சவடோகோ, தரிசு நிலத்தில் ஒரு காட்டையே உருவாக்கினார். 2018இல் 'மாற்று நோபல் பரிசு' எனப் போற்றப்படும் ரைட் லைவ்லிஹூட் விருது அவருக்குக் கிடைத்தது. 2023இல் அவர் காலமானார்.

அண்டை நாடான நைஜரில் வேறொரு வழி பின்பற்றப்பட்டது. வெட்டப்பட்ட மரங்களின் வேர்கள் மண்ணுக்குள் உயிரோடு இருந்தன. அவற்றில் துளிர்த்த கிளைகளைக் கவாத்து செய்து வளரவிட்டதில், ஏறக்குறைய 50 லட்சம் ஹெக்டர் நிலத்தில் மரங்கள் திரும்பின என மதிப்பிடப்படுகிறது.

உரம் மட்டும் போதுமா?

ஆப்பிரிக்காவில் ஹெக்டருக்கு 8 கிலோவாக இருந்த உரப் பயன்பாட்டை 50 கிலோவாக உயர்த்த, 2006இல் அபுஜா மாநாட்டில் தலைவர்கள் உறுதி பூண்டனர். 2015ஆம் ஆண்டுக்குள் அந்த இலக்கு எட்டப்படவில்லை. உரம் தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், மக்கும் பொருள் இல்லாத மண்ணில் இடும் உரத்தில் பெரும்பகுதி வீணாகிறது. கடன்பட்டு உரம் வாங்கும் ஏழை விவசாயிக்கு அது இரட்டை இழப்பாகும். இதை உணர்ந்தே 2024இல் நைரோபியில் கூடிய மாநாடு உரத்தோடு மண்வளத்தையும் சேர்த்துப் பேசியது.

இம்முறைகளிலும் இடர்ப்பாடுகள் இல்லாமல் இல்லை. ஒரு ஹெக்டருக்குப் பத்தாயிரத்துக்கும் அதிகமான குழிகளை மண்வெட்டி பிடித்து வெட்ட வேண்டும். அதற்கு ஆள் பலம் வேண்டும். சாணத்துக்கு மாடு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிலம் தன் கையில் நிலைக்கும் என்ற நம்பிக்கை வேண்டும். அண்மைய ஆண்டுகளில் வடக்கு புர்கினா ஃபாசோவில் ஆயுதக் குழுக்களின் வன்முறையால் லட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்துள்ளனர். பல ஆண்டுகள் பாடுபட்டு மீட்ட வயலை ஒரே இரவில் கைவிட்டுச் செல்வது எத்தகைய கொடுமை என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

மண்ணை மீட்கும் வழி விவசாயிக்குத் தெரியும். அந்த மண்ணில் அவர் அச்சமின்றி வாழ வழிசெய்வதே அரசுகளின் கடமையாகும்.