உஷார்! எழுதி வைக்காத மாடல் உயிருக்கு உலை வைக்கும்

மருத்துவமனைக்கு ஏஐ மென்பொருள் வாங்கக் கையெழுத்துப் போடப் போகும் நிர்வாகிகளே, மருத்துவ டேட்டாவை வைத்து ப்ராஜெக்ட் செய்யும் பொறியியல் மாணவர்களே, எம்.டி. தீசிஸுக்கு மெஷின் லேர்னிங்கைக் கையில் எடுத்திருக்கும் இளம் டாக்டர்களே, உஷார்! ‘எங்கள் மாடலின் துல்லியம் 98 சதவீதம்’ என்று ஒரு கட்டுரை சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். அந்த மாடலை எப்படிச் செய்தார்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருக்கிறார்களா? அதைப் படித்து, சம்பந்தமே இல்லாத இன்னொருவர் அதே விடையைக் கொண்டுவர முடியுமா? முதலில் அதைப் பாருங்கள். முடியாது என்றால் அந்த 98-ஐ நம்பி ஒரு நோயாளியைக்கூடத் தொடக் கூடாது.

ஆராய்ச்சியாளர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் சண்டைதானே என்று இதை ஒதுக்க முடியாது. யாராலும் சரிபார்க்க முடியாதபடி மூடி வைத்த ஒரு கணக்கை நம்பி, புற்றுநோயாளிகளுக்கு மருந்து தேர்ந்தெடுத்த கொடுமை ஏற்கெனவே நடந்திருக்கிறது.

ஒரு வரிசை நகர்ந்தது

2006-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புற்றுக்கட்டியில் எந்தெந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்து கொடுத்தால், எந்த நோயாளிக்கு எந்த கீமோதெரபி மருந்து கேட்கும் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடும் என்றார்கள். புற்றுநோய் உலகமே நிமிர்ந்து பார்த்தது.

ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் டாக்டர்களும் அந்த முறையைப் பயன்படுத்த ஆசைப்பட்டார்கள். அங்கே பணியாற்றிய கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் என்ற இரண்டு புள்ளியியல் வல்லுநர்களிடம் கணக்கைப் பார்க்கச் சொன்னார்கள். கட்டுரையில் சொன்னபடி செய்தால் கட்டுரையில் சொன்ன விடை வரவில்லை. செய்முறை முழுசாக எழுதப்படவில்லை. வெளியே கிடைத்த டேட்டாவையும் அச்சான விடைகளையும் வைத்துக்கொண்டு, ‘இவர்கள் என்னதான் செய்திருப்பார்கள்?’ என்று பின்பக்கமாக நடந்து துப்புத் துலக்க வேண்டியதாயிற்று.

கிடைத்தது என்ன தெரியுமா? மரபணுப் பெயர்ப் பட்டியல் ஒரு வரிசை நகர்ந்திருந்தது. முதல் மரபணுவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பக்கத்து மரபணுவின் பெயர். அப்படியே கடைசி வரை. அதைவிடப் பயங்கரம், சில மருந்துகளுக்கு ‘கட்டுப்படும்’, ‘கட்டுப்படாது’ என்ற லேபிள்களே தலைகீழாக மாறிக் கிடந்தன. அதாவது, எந்த மருந்து கேட்காதோ அதையே நோயாளிக்குப் பரிந்துரைக்கும் அபாயம்!

இந்தக் கணக்கை வைத்து 2007-லேயே டியூக்கில் நோயாளிகளைச் சேர்த்து மருத்துவப் பரிசோதனைகள் தொடங்கிவிட்டன. நூற்றுக்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகள் அவற்றில் இருந்தார்கள். பேகர்லியும் கூம்ப்ஸும் 2009-ல் தங்கள் கண்டுபிடிப்புகளைக் கட்டுரையாக வெளியிட்ட பிறகு பரிசோதனைகள் நிறுத்தப்பட்டன. ஆனால் 2010 தொடக்கத்தில் மறுபடியும் தொடங்கின! அந்த ஆண்டின் இறுதியில்தான் ஒரேயடியாக மூடப்பட்டன. 2006-ன் கட்டுரை 2011-ல் திரும்பப் பெறப்பட்டது. பொய்யான தரவும் கலந்திருந்தது என்று 2015-ல் அமெரிக்க அரசின் ஆய்வு நேர்மை அலுவலகம் அறிவித்தது.

டேட்டாவும் புரோகிராம் கோடும் செய்முறையும் முதல் நாளே மேசைமேல் இருந்திருந்தால், தவறோ மோசடியோ, எதுவாக இருந்தாலும் நோயாளி ஒருவர்கூட உள்ளே வருவதற்கு முன்பே பிடிபட்டிருக்கும்.

நம் ஊர்க் கண் படங்களும் உண்டு

அது பழைய கதை, இப்போது எல்லாம் மாறிவிட்டது என்கிறீர்களா? சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைப் படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கும் கூகுளின் மாடல் 2016-ல் ‘ஜாமா’ இதழில் வந்தது. சுமார் 1,28,000 விழித்திரைப் படங்களை வைத்து ட்ரெயின் செய்தார்கள். அவற்றில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் அடக்கம். நோய் உள்ள கண்ணையும் இல்லாத கண்ணையும் பிரித்தறியும் திறனைக் காட்டும் ஏயுசி என்ற அளவில் அது 0.99 எடுத்தது. முழு மதிப்பெண் 1. கண்ணை மூடிக்கொண்டு யூகித்தால் கிடைப்பது 0.5.

நார்வேயின் டிரோம்சோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதைத் தாங்களும் செய்து பார்த்தார்கள். மூல கோடு வெளியிடப்படவில்லை. மூல டேட்டா முழுசாகக் கிடைக்கவில்லை. எந்த செட்டிங்கில் ட்ரெயின் செய்தார்கள் என்ற விவரங்களிலும் ஓட்டைகள். கூகுள் குழுவிடம் ஒவ்வொரு படத்துக்கும் பல கண் டாக்டர்களின் கருத்து இருந்தது. இவர்களுக்குக் கிடைத்த பொதுப் படங்களில் ஒரே ஒருவரின் கருத்துதான். 2019-ல் விடையை வெளியிட்டார்கள். ஒரு பொதுப் பரிசோதனைத் தொகுப்பில் 0.95, ‘மெசிடார்-2’ என்ற தொகுப்பில் 0.85. அதே மெசிடார்-2-ல் கூகுள் குழு எடுத்தது 0.99.

கூகுளின் மாடல் பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அதே அரவிந்திலும் சங்கரவிலும் பின்னர் நேரடியாக நோயாளிகளிடம் சோதித்தபோது அது நன்றாகவே வேலை செய்தது. கவலை வேறு இடத்தில் இருக்கிறது. 0.99-க்கும் 0.85-க்கும் நடுவே உள்ள பள்ளம் டேட்டாவால் வந்ததா, டாக்டர்கள் போட்ட லேபிளால் வந்ததா, எழுதாமல் விட்ட ஏதோ ஒரு செட்டிங்கால் வந்ததா என்று வெளியில் இருக்கும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இதோடு நிற்கவில்லை. மார்பகப் புற்றுநோய் ஸ்கிரீனிங்குக்கான கூகுளின் மாடல் 2020 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் வந்தபோது, கோடும் போதிய விவரங்களும் இல்லை என்று டொரன்டோவின் பெஞ்சமின் ஹைபே-கைன்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதே ஆண்டு அதே இதழில் கண்டித்தார்கள். அதன் பிறகே கூடுதல் விவரங்கள் வெளிவந்தன. உலகின் தலைசிறந்த இதழில், உலகின் பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

2,212-ல் தேறியது பூஜ்யம்

கோவிட் காலத்தில் நடந்தது இன்னும் மோசம். எக்ஸ்ரே, சிடி ஸ்கேனைப் பார்த்துக் கோவிட்டைச் சொல்லும் மாடல்கள் 2020-ல் மழைக்காளான் போல முளைத்தன. கேம்பிரிட்ஜ் தலைமையிலான குழு அப்படி 2,212 ஆய்வுகளைத் திரட்டிச் சலித்தது. தரமும் விவரமும் போதுமான அளவு இருந்தவை வெறும் 62. அந்த 62-லும் மருத்துவமனையில் பயன்படுத்தத் தகுந்தது ஒன்றுகூட இல்லை என்று 2021 மார்ச்சில் ‘நேச்சர் மெஷின் இன்டெலிஜென்ஸ்’ இதழில் எழுதினார்கள்.

காரணங்களில் ஒன்றைக் கேளுங்கள். கோவிட் நோயாளிகளின் எக்ஸ்ரேக்கள் பெரியவர்களுடையவை. கோவிட் இல்லாதவர்கள் என்று பல குழுக்கள் எடுத்துச் சேர்த்த தொகுப்போ, 1 முதல் 5 வயது வரையிலான குழந்தைகளுடையது! அந்த மாடல் கோவிட்டைக் கற்றதா, பெரியவரையும் குழந்தையையும் பிரிக்கக் கற்றதா? தொகுப்பு எங்கிருந்து வந்தது, யாருடைய படங்கள், என்ன வயது என்று ஒரு பத்தி எழுதியிருந்தால் எழுதும்போதே கண்ணில் பட்டிருக்கும்.

தவறு எங்கே ஒளிந்துகொள்கிறது?

நம் கல்லூரி ப்ராஜெக்ட் ரிப்போர்ட்களில் அடிக்கடி வரும் வரிகள் இவை: ‘டேட்டாசெட்டை காகிள் இணையதளத்தில் இருந்து எடுத்தோம். படங்களின் அளவைச் சீராக்கினோம். 80:20 என்று பிரித்தோம். ரேண்டம் ஃபாரஸ்ட் பயன்படுத்தினோம்.’ படிக்கும்போது எல்லாம் சொல்லிவிட்டது போலத்தான் இருக்கும். ஒவ்வொரு வரிக்குள்ளும் ஒரு பொறி இருக்கிறது.

‘80:20 என்று பிரித்தோம்.’ எதைப் பிரித்தீர்கள்? படங்களையா, நோயாளிகளையா? அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற மார்பு எக்ஸ்ரே தொகுப்பில் 1,12,120 படங்கள் இருக்கின்றன. நோயாளிகளோ 30,805 பேர்தான். படங்களைக் குலுக்கிப் பிரித்தால் ஒரே ஆளின் ஒரு படம் ட்ரெயினிங்கிலும் இன்னொன்று டெஸ்ட்டிலும் விழும். பரீட்சைக்கு முன்பே கேள்வித்தாள் கசிந்துவிட்டது. மார்க் எகிறத்தானே செய்யும்? இப்படிப்பட்ட பல வகைக் கசிவுகள் 17 துறைகளில், 294 ஆய்வுக் கட்டுரைகளைப் பாதித்திருப்பதாக பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் சயாஷ் கபூரும் அரவிந்த் நாராயணனும் 2023-ல் தொகுத்துக் காட்டினார்கள்.

‘ரேண்டம் ஃபாரஸ்ட் பயன்படுத்தினோம்.’ பல முடிவு மரங்களின் விடைகளைச் சேர்த்துச் சொல்லும் முறை இது. எந்த வெர்ஷன்? ஸ்கைகிட்-லேர்ன் லைப்ரரியில் நாம் எதுவும் சொல்லாவிட்டால் முன்பு 10 மரங்கள் வளர்க்கும். 0.22 வெர்ஷனில் இருந்து 100 மரங்கள். ஒரே கோடு, ஒரே டேட்டா, இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு வேறு மாடல்!

‘படங்களின் அளவைச் சீராக்கினோம்.’ ஸ்கேன் மெஷினில் இருந்து வரும் டைகாம் ஃபைலை ஜேபெக் ஆக்கினீர்களா? சிடி படத்தை நுரையீரல் தெரியும் விண்டோவில் வைத்தீர்களா, தசை தெரியும் விண்டோவிலா? ஒரே ஸ்கேன் இரண்டு விண்டோவில் இரண்டு படமாகத் தெரியும். கம்ப்யூட்டரின் குலுக்கலைத் தொடங்கிவைக்கும் ரேண்டம் சீட் எண்ணைக் குறித்து வைக்காவிட்டால் நீங்களே மறுநாள் ஓட்டினாலும் நேற்றைய விடை வராது.

வாங்குபவர்களும் உஷார்!

செப்சிஸ் என்ற உயிர்கொல்லித் தொற்றுநிலையை முன்கூட்டியே எச்சரிக்கும் எபிக் நிறுவனத்தின் மாடல் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்பது வணிக ரகசியம். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் 27,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவை வைத்து அதைச் சோதித்து, 2021-ல் வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதம் பேரை அது கோட்டைவிட்டிருந்தது. ஏயுசி 0.63. ஊரெல்லாம் பயன்படுத்திய பிறகு இது தெரிந்து என்ன பயன்?

விற்க வருபவர் அழகான ஸ்லைடு காட்டுவார். அதை மூடி வைத்துவிட்டுக் கேளுங்கள்: எந்த மருத்துவமனை டேட்டாவில் ட்ரெயின் செய்தீர்கள்? எந்த மெஷின் படங்கள்? எங்களைப் போன்ற நோயாளிகள் அதில் இருந்தார்களா? உங்களுக்குச் சம்பந்தமில்லாத யார் சோதித்தார்கள்? எழுத்தில் பதில் தராதவருக்கு ஆர்டர் தராதீர்கள்.

எதையெல்லாம் எழுத வேண்டும்?

மாடல் செய்பவர்கள் இவற்றை ஒன்றுவிடாமல் எழுதி வையுங்கள்:

1. டேட்டா: எந்த மருத்துவமனை, எந்த ஆண்டுகள், எந்தக் கருவி, வயது, பாலினம். யாரைச் சேர்த்தீர்கள், யாரை நீக்கினீர்கள், ஏன்.

2. லேபிள்: நோய் உண்டு, இல்லை என்று சொன்னது யார், எத்தனை பேர், கருத்து வேறுபட்டால் எப்படி முடிவெடுத்தார்கள்.

3. பிரிப்பு: நோயாளிவாரியாகப் பிரித்தீர்களா. எந்தெந்த ஐடி எந்தப் பக்கம் என்ற பட்டியல். டேட்டாவைப் பெருக்கியது பிரிப்பதற்கு முன்பா, பின்பா.

4. தயாரிப்பு: மூல ஃபைலில் இருந்து மாடலுக்குள் போகும் வரை நடந்த ஒவ்வொரு மாற்றமும், வரிசைப்படி.

5. மாடல்: அமைப்பு, எல்லா செட்டிங்குகளும், ரேண்டம் சீட், எத்தனை மாடல்களை முயன்று எதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதும்.

6. சூழல்: லைப்ரரிகளின் வெர்ஷன், ஜிபியு. முடிந்தால் மென்பொருள் சூழலை அப்படியே பொதியாக்கும் டாக்கரில் முழுசாகக் கட்டி வைத்துவிடுங்கள்.

7. சோதனை: வேறு மருத்துவமனை டேட்டாவில் கிடைத்த விடை, எங்கே சறுக்கியது, யாருக்குப் பயன்படுத்தக் கூடாது.

இதற்கு வழிகாட்டிகள் தயாராகவே இருக்கின்றன. உயிரியல் மாடல்களுக்கு 2021-ல் வந்த ‘டோம்’ பரிந்துரைகள் உண்டு. நோயைக் கணிக்கும் மாடல்களுக்கு 2024-ல் வந்த ‘ட்ரைபாட் பிளஸ் ஏஐ’ 27 அம்சங்களைக் கேட்கிறது. மருத்துவ ஏஐ-க்கான நெறிமுறைகளை நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2023-லேயே வெளியிட்டுவிட்டது.

‘நோயாளி டேட்டாவை எப்படி வெளியே கொடுப்பது?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கொடுக்கக் கூடாத இடத்தில் கொடுக்கவே கூடாது. அதைக் காரணம் காட்டி மற்றவற்றையும் பூட்டி வைப்பதுதான் அநியாயம். கோடு நோயாளியின் ரகசியம் இல்லை. வெர்ஷன் எண்ணும், செட்டிங்குகளும், லேபிள் போட்ட முறையும் ரகசியம் இல்லை. அசல் டேட்டாவின் அதே வடிவத்தில் கற்பனையான பத்து வரிகளைச் செய்து கோடோடு சேர்த்துக் கொடுத்தால், வேறொரு மருத்துவமனை தன் டேட்டாவைப் போட்டு ஓட்டிப் பார்த்துவிடும்.

கைடுகளுக்கும் தேர்வாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வைவாவில் துல்லியம் எத்தனை சதவீதம் என்று கேட்பதற்கு முன், ‘உன் ஃபோல்டரை உன் பக்கத்து மாணவனிடம் கொடு, அவன் ஓட்டட்டும்’ என்று சொல்லுங்கள். அவன் கையில் அதே விடை வந்தால் கையெழுத்துப் போடுங்கள். வராவிட்டால் திருப்பி அனுப்புங்கள். ஒரு மாணவனுக்கு ஒரு மாதம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். தவறான மாடல் வார்டுக்குள் நுழைந்துவிட்டால் அதற்கான விலையை நோயாளிதான் கொடுப்பார்.