பெரிய திரையா, தெளிவான திரையா?
மடிக்கணினி வாங்கப் புறப்படும் பெற்றோருக்குச் சில விளக்கங்கள்

பெரும்போக நெல்லை விற்ற காசு தந்தையின் மடியில் இருக்கிறது. மகளுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்தில் இடம் கிடைத்திருக்கிறது. முல்லைத்தீவிலுள்ள தம் கிராமத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்த இருவரும் கணினிக் கடையொன்றில் நிற்கின்றனர். மேசையில் பழைய மடிக்கணினிகள் இரண்டு. விலை ஏறத்தாழ ஒன்றுதான். ஒன்றின் திரை 15.6 அங்குலம். மற்றையது 14 அங்குலம். தந்தை தயங்கவில்லை. "பிள்ளை, ஒரே காசுக்குப் பெரிசு கிடைக்குது. அதையே எடுப்பம்" என்கிறார். மகளோ, "அப்பா, பெரிசுதான். ஆனால் எழுத்து வடிவாத் தெரியேல்லை. கொஞ்சம் பாருங்கோ" என்கிறாள்.

இந்தத் தந்தையின் நியாயம் நம்மில் பெரும்பாலானோருடைய நியாயமே. ஒரே காசுக்குக் கூடுதலாகக் கிடைப்பதை விட்டுவிட்டுக் குறைவானதை வாங்குவானேன்? ஆனால் கணினித் திரையைப் பொறுத்தவரை பருமன் வேறு, தெளிவு வேறு. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாமல் கடைக்குப் போனால், ஒரு போகத்தின் வருமானம் நான்கு ஆண்டுகளுக்குப் பிள்ளைக்குத் தொல்லை தரும் பொருளாக மாறிவிடக்கூடும்.

காணியும் கன்றும்

விவசாயிகளாகிய நமக்கு இதனை விளங்கிக்கொள்வது கடினமன்று. திரையின் அளவு என்பது காணியின் பரப்பைப் போன்றது. அதனை ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைவரை குறுக்காக அளந்து அங்குலத்தில் சொல்கிறார்கள். ஆகவே 15.6 அங்குலம் என்பது திரையின் அகலமுமன்று, உயரமுமன்று. அவ்வகைத் திரையின் அகலம் ஏறத்தாழ 34.5 சென்ரிமீற்றர், உயரம் ஏறத்தாழ 19.4 சென்ரிமீற்றர்.

அந்தக் காணியில் எத்தனை கன்றுகள் நட்டிருக்கிறது என்பதே இரண்டாவது கேள்வி. திரை முழுவதும் மிகச் சிறிய ஒளிப்புள்ளிகள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. எழுத்தும் படமும் இந்தப் புள்ளிகளாலேயே உருவாகின்றன. மலிவான பழைய திரைகளில் குறுக்காக 1366 புள்ளிகளும் நெடுக்காக 768 புள்ளிகளும் இருக்கும். பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 10 இலட்சத்து 49 ஆயிரம். இதனை "எச்டி" என்று விற்பார்கள். "புல் எச்டி" எனப்படும் திரையில் குறுக்காக 1920, நெடுக்காக 1080. மொத்தம் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். அதாவது ஏறத்தாழ இருமடங்கு.

கடையில் இருந்த பெரிய கணினி 1366க்கு 768. சிறியது 1920க்கு 1080. பரப்பளவில் பெரியது ஏறத்தாழ நான்கிலொரு பங்கு கூடுதல்தான். ஆனால் அந்தப் பெரிய காணியில் பாதிக் கன்றுகளே நிற்கின்றன. பெரிய திரையில் ஓர் அங்குல நீளத்துக்குள் 100 புள்ளிகள் அடங்க, சிறிய திரையில் 157 புள்ளிகள் அடங்குகின்றன. நெருக்கம் கூடினால் தெளிவு கூடும்.

தமிழ் எழுத்துக்கு ஏன் இது முக்கியம்?

ஆங்கில எழுத்துகளுள் பல நேர்கோடுகளால் ஆனவை. நமது எழுத்துகளோ வளைவும் சுழியும் நிறைந்தவை. ன, ண ஆகிய இரண்டுக்குமிடையே உள்ள வேறுபாடு ஒரு சுழி மாத்திரமே. மெய்யெழுத்தின் தலையிலுள்ள குற்று மிகச் சிறியது. புள்ளிகள் குறைந்த திரையில் சிறிய எழுத்தாகத் தமிழ்ப் பாடக்குறிப்பை வாசிக்கும்போது சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், குற்று மங்கிவிடும். கண் அதனை ஊகித்தே வாசிக்கவேண்டியிருக்கும். ஒரு பக்கத்துக்கு இது பெரிதன்று. பரீட்சைக் காலத்தில் இரவிரவாக வாசிக்கும் பிள்ளைக்கு இது கண்ணெரிவும் தலையிடியுமாகும்.

இங்கே சிலருக்கு ஒரு சந்தேகம் எழலாம். புள்ளிகள் நெருங்கிய திரையில் எழுத்து இன்னும் சிறிதாகத் தெரிகிறதே என்பார்கள். அது உண்மைதான். ஆனால் அதற்குப் பரிகாரம் உண்டு. வின்டோஸ் கணினியில் திரை அமைப்புக்குச் சென்று எழுத்தின் அளவை 125 வீதமாகவோ 150 வீதமாகவோ கூட்டலாம். அப்போது எழுத்துப் பெரிதாகும். அதேவேளை ஒவ்வோர் எழுத்துக்கும் கூடுதல் புள்ளிகள் கிடைப்பதால் தெளிவும் குறையாது. புல் எச்டி திரையில் 125 வீதம் வைத்தாலும், 1536க்கு 864 புள்ளிகள் கொண்ட திரைக்குச் சமமான இடம் மிஞ்சும். இது பழைய எச்டி திரையிலுள்ள இடத்தைவிடக் கூடுதலானது. தெளிவைக் கொண்டு பருமனைப் பெறலாம். இல்லாத புள்ளிகளை எந்த அமைப்பாலும் உண்டாக்க முடியாது.

சுமக்கப்போவது யார்?

கடை மேசையில் பாரம் தெரியாது. பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதுதான் தெரியும். 15.6 அங்குலக் கணினிகள் பல 2 கிலோ அளவில் இருக்கும். 14 அங்குலத்தில் ஒன்றரைக் கிலோ அளவிலேயே பல உண்டு. இதனோடு சார்ஜர், புத்தகங்கள், தண்ணீர்ப் போத்தல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் பஸ் ஏறி இறங்கும் பிள்ளைக்கும், விடுதிக்கும் வகுப்புக்கும் நூலகத்துக்குமாக நடக்கும் பிள்ளைக்கும் அந்த அரைக் கிலோ பெரிய வித்தியாசம். திரை பெரிதானால் அதனை ஒளிரச் செய்ய மின்சாரமும் கூடுதலாக வேண்டும். மின்வெட்டு நேரத்தில் பற்றரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

எந்தப் படிப்புக்கு எது?

கட்டுரை எழுதுதல், பாடக்குறிப்பு வாசித்தல், இணையவழி வகுப்பு ஆகியவையே முதன்மையான வேலையென்றால் 14 அங்குல புல் எச்டி திரை போதுமானது. இப்போது வரும் புதிய கணினிகள் பலவற்றில் 1920க்கு 1200 புள்ளிகள் கொண்ட, சற்று உயரம் கூடிய திரை இருக்கிறது. ஒரே பார்வையில் கூடுதலான வரிகள் தெரிவதால் வாசிப்புக்கு அது மிகவும் நல்லது.

பொறியியல் வரைபடம், நிலவரைபடம், நீண்ட கணக்கு அட்டவணை ஆகியவற்றோடு வேலை செய்யும் மாணவர் பெரும்பாலும் ஒரே இடத்தில் தங்கிப் படிப்பவராயின் 15.6 அங்குலம் பொருத்தமானது. ஆனால் அதுவும் புல் எச்டியாக இருக்கவேண்டும். 11.6 அங்குலத் திரை தூக்குவதற்கு இலகு; நான்கு ஆண்டுப் பட்டப்படிப்புக்கு அது மிகச் சிறிது.

"போர்கே" எனப்படும் 3840க்கு 2160 புள்ளித் திரைக்கு ஆசைப்படவேண்டாம். 14, 15 அங்குலத்தில் அவ்வளவு நெருக்கத்தால் மாணவருக்குக் கிடைக்கும் மேலதிக நன்மை சிறிது; விலையும் மின்செலவும் பெரிது. அந்தக் காசை 8 ஜிபிக்குக் குறையாத நினைவகத்துக்கும், வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்துக்கும் செலவிடுவதே புத்தி.

வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்து, அதில் எச்டிஎம்ஐ துளையும் இருந்தால், ஒரு வயரினால் மடிக்கணினியை அதனோடு இணைத்துப் பெரிய திரையில் வேலை செய்யலாம். வெளியே சுமக்கச் சிறியது, வீட்டில் பார்க்கப் பெரியது என இரண்டு நன்மையும் கிடைக்கும்.

பழையது வாங்குவோர் கவனிக்கவேண்டியவை

பாவித்த கணினி வாங்குவது தவறன்று. ஆனால் பெயரைப் பார்த்து மட்டும் வாங்கக்கூடாது. 2018இல் வெளிவந்த லெனோவோ திங்க்பேட் டி480 என்னும் 14 அங்குலக் கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். அது 1366க்கு 768, 1920க்கு 1080, 2560க்கு 1440 என மூன்று வகைத் திரைகளோடு விற்பனைக்கு வந்தது. வெளித்தோற்றம் ஒன்றே. பக்கத்து வீட்டுப் பிள்ளை வைத்திருக்கும் அதே கணினி என்று வாங்கிவந்த பின்னர் திரை வேறாக இருக்கக்கூடும்.

ஆகவே கடையிலேயே இவற்றைச் செய்யுங்கள். திரை அமைப்பைத் திறந்து, "பரிந்துரைக்கப்பட்டது" என்று குறித்திருக்கும் புள்ளி எண்ணிக்கையைப் பாருங்கள். சிறிய எழுத்திலுள்ள தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்து பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். திரை முழுவதையும் வெள்ளையாக்கியும் கறுப்பாக்கியும் பார்த்தால் செத்த புள்ளிகளும் மங்கிய மூலைகளும் தெரியவரும். பக்கவாட்டில் நின்று பாருங்கள். நிறம் மாறாத ஐபிஎஸ் வகைத் திரையே நல்லது. வாசற்பக்கம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். கண்ணாடிபோல் முகம் தெரியாத, மங்கல் பூச்சுள்ள திரையே நமது வெயிலுக்கும் விறாந்தைக்கும் உகந்தது. மூடியைத் திறந்து மூடிப் பிணைச்சல் இறுக்கமாக உள்ளதா எனச் சோதியுங்கள். வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிவடைந்துவிட்டதால், வின்டோஸ் 11 இயங்கக்கூடிய கணினிதானா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியாக, பற்றுச்சீட்டில் திரையின் அளவையும் புள்ளி எண்ணிக்கையையும் எழுதி வாங்குங்கள்.

இவ்வளவு கவனம் எதற்கு என்று எண்ணவேண்டாம். மடிக்கணினி இறக்குமதிப் பொருள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர், அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபா அளவை எட்டியதை நாம் கண்டோம். இறக்குமதிப் பொருளின் விலை எப்போது எப்படி மாறும் என்று சொல்லமுடியாது. வசதியுள்ளவர் பிழையாக வாங்கினால் மறுபடி வாங்குவார். நெல் விற்றோ, நகை அடகு வைத்தோ, சீட்டு எடுத்தோ வாங்கும் குடும்பத்துக்கு இரண்டாவது தடவை என்பது இல்லை.

பிள்ளை சொல்வதைக் கேளுங்கள்

கடையில் நின்ற அந்தத் தந்தை என்ன செய்தார்? சட்டைப் பையிலிருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். இரண்டு கணினிகளிலும் ஒரே தமிழ்ப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். பெரியதில் இரண்டு வரி வாசித்தார். பின்னர் சிறியதில் எழுத்தைச் சற்றுக் கூட்டச்சொல்லி அதே இரண்டு வரியையும் வாசித்தார். இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தார். "நீ சொன்னது சரி, பிள்ளை. சின்னனையே எடுப்பம்" என்றார்.

அவருக்குப் புள்ளிக் கணக்குத் தெரியாது. ஆனால் விதை நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்துத் தெரிவு செய்யும் பழக்கம் அவருக்கு இருந்தது. அதே பழக்கத்தைத்தான் அன்று கடையிலும் காட்டினார். பெற்றோரே, நாமும் அவ்வாறே செய்வோம். விளம்பரத்தை நம்பாமல், பருமனைக் கண்டு மயங்காமல், கையில் எடுத்துப் பார்ப்போம். கண்ணால் வாசித்துப் பார்ப்போம். நாள்தோறும் அதனைச் சுமந்து படிக்கப்போகும் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்போம்.