மாலை இருக்கட்டும், சோறு எங்கே?

இரயிலடியிலே கூட்டம். மேளம் முழங்குகிறது. வென்று வந்த வீரனை இளைஞர்கள் தோளிலே தூக்கிச் செல்கிறார்கள். வீதியெங்கும் வளைவுகள், மேடையிலே அமைச்சர், அவர் கையிலே காசோலை. தோழா! நீயும் அந்தக் கூட்டத்திலே நின்று கைதட்டியிருக்கிறாய். தட்டத்தான் வேண்டும், வென்றவன் நம் வீட்டுப் பிள்ளை! ஆனால் கைதட்டி ஓய்ந்த பிறகு ஒரு கேள்வி கேட்டுப் பார். மாலை போட இத்தனை கைகள் வந்தனவே, அந்தப் பிள்ளை வெறுங்காலோடு ஓடிப் பழகிய நாளிலே, ஒரு குவளைப் பால் கொடுக்க எத்தனை கைகள் நீண்டன?

1952-ஆம் ஆண்டு, ஹெல்சிங்கி நகரிலே ஒலிம்பிக் பந்தயம். சாத்தாரா மாவட்டத்துச் சிற்றூர்க்காரர், கே.டி.ஜாதவ் என்ற மற்போர் வீரர், அங்கே போக வேண்டும். தோளிலே வலுவிருந்தது, மடியிலே பணம் இல்லை. செலவுக்குப் போதுமான பணத்தை அரசு தரவில்லை. ஊரார் நிதி திரட்டினர். கோலாப்பூரிலே அவர் படித்த இராஜாராம் கல்லூரியின் முதல்வர், தம் வீட்டை அடகு வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். ஆசிரியரின் வீடு அடகுக்குப் போனது. மாணவர் ஹெல்சிங்கிக்குப் போனார். வெண்கலப் பதக்கத்தோடு திரும்பினார். விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் தனி மனிதர் ஒருவர் வென்று தந்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான்!

நூற்றுக்கு மேற்பட்ட மாட்டு வண்டிகள் அணிவகுத்து அவரை ஊருக்கு அழைத்து வந்தன. அந்த வண்டிகளை ஓட்டியவர்கள் உழவர்கள், தோழா, அரசாங்கத்தார் அல்லர்! ஜாதவ் பின்னர் போலீசிலே வேலை பார்த்தார், 1984-இல் விபத்திலே மாண்டார். அருச்சுனா விருது அவர் மறைந்த பிறகே வந்தது. அவருக்குப் பின், தனி மனிதர் வென்ற அடுத்த ஒலிம்பிக் பதக்கத்துக்கு இந்த நாடு 1996 வரை, 44 ஆண்டுகள் காத்துக் கிடந்தது. ஏன்? இந்த நாட்டிலே தோள்கள் இல்லையா, தொடைகள் இல்லையா? அடகு வைக்க எல்லா ஆசிரியருக்கும் வீடு இல்லை, அவ்வளவுதான்!

"அது பழங்கதை" என்பார்கள். சரி, புதுக்கதைக்கே வருவோம். 2016-இல் ரியோ நகரிலே, மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்கில், சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். தாய் காய்கறி விற்றவர். மகனின் வைத்தியத்துக்கு வாங்கிய கடன் அந்தக் குடும்பத்தை அழுத்திக்கொண்டிருந்தது. தங்கம் வந்தது, தமிழக அரசு 2 கோடி ரூபாய் பரிசு அறிவித்தது. நெஞ்சார வரவேற்றோம். ஆனால் அதே உயரத்தை எட்டக்கூடிய எத்தனை மாரியப்பன்கள், பரிசு வருமுன்பே, பட்டறைக்கும் செங்கல் சூளைக்கும் போய்விட்டார்கள்?

பரிசு வேறு, மானியம் வேறு. முளைத்து, வளர்ந்து, கதிர் முற்றிய பிறகு வயலுக்குப் பந்தல் போடுவது பரிசு. விதைக்கும்போது தண்ணீர் பாய்ச்சுவது மானியம். பந்தல் போடுகிறவருக்குப் படம் கிடைக்கும், பத்திரிகையிலே இடம் கிடைக்கும். தண்ணீர் பாய்ச்சுகிறவரை யார் பார்க்கிறார்கள்? அதனால்தான் ஆட்சியாளருக்குப் பரிசிலே இருக்கும் ஆசை மானியத்திலே இருப்பதில்லை!

பாய்ச்சியவர்கள் கண்ட விளைச்சலைச் சொல்கிறேன், கேள். 1976-இல் கேரள அரசு கண்ணூரிலே பெண்களுக்கென ஒரு விளையாட்டுப் பிரிவு தொடங்கிற்று. தேர்ந்தெடுத்த சிறுமியர் 40 பேர். அதிலே ஒருத்தி, பன்னிரண்டு வயதுப் பெண், பெயர் உஷா. நம்பியார் என்ற பயிற்சியாளரிடம் பழகினாள். 1984-இல் இலாஸ் ஏஞ்சல்சிலே நொடியில் நூற்றில் ஒரு பங்கிலே வெண்கலத்தைத் தவறவிட்டார். 1986-இல் சியோல் ஆசியப் பந்தயத்திலே நான்கு தங்கம் அள்ளினார். அந்தப் பன்னிரண்டு வயதிலே அவர் கையிலே பதக்கம் இருந்ததா? இல்லை! இருந்ததைக் கண்டு கொடுக்கவில்லை. இருக்கப்போவதை நம்பிக் கொடுத்தார்கள்.

கடல் கடந்தும் ஒரு காட்சி காண்போம். 1996-இல் அட்லாண்டாவிலே பிரிட்டன் வென்றது ஒரே ஒரு தங்கம். பட்டியலிலே 36-ஆவது இடம். உலகை ஆண்ட நாடு தலைகுனிந்தது. மறு ஆண்டு முதல் லாட்டரிப் பணத்தை வீரர்களின் பயிற்சிக்குத் திருப்பினர். 2000-இல் 11 தங்கம். 2016-இல் 27 தங்கம், இரண்டாம் இடம்! ஆங்கிலேயன் உடம்பா மாறிற்று? பணம் போன வழி மாறிற்று. அவர்களிடமும் குறை உண்டு. பதக்கம் தராத ஆட்டத்துக்குப் பணமில்லை என்றனர். 2014-இல் கூடைப்பந்துக்குக் கொடுத்த நிதியை நிறுத்தினர். ஏழைத் தெருவிலே ஒரு பந்தும் ஒரு வளையமும் இருந்தால் ஆடக்கூடிய ஆட்டம் அது! பதக்கத்தை மட்டுமே எண்ணுகிறவன் மக்களை எண்ண மறந்துவிடுகிறான்.

டில்லியும் சும்மா இருக்கவில்லை. 2014-இல் ஒலிம்பிக் வீரர்களுக்கென ஒரு திட்டம் வந்தது. முதல் வரிசை வீரருக்கு மாதம் 50,000 ரூபாய் கைச்செலவு. பின்னர் 'கேலோ இந்தியா' வந்தது. தேர்வாகும் இளையோருக்கு ஆண்டுக்கு 5 இலட்சம், எட்டு ஆண்டுகள் என்றார்கள். நல்லது, நல்லதை நல்லது என்று சொல்ல நமக்கு நா கூசாது. ஆனால் கணக்கைப் பார்! விளையாட்டுக் கட்டுமானத்துக்கு என்று ஒதுக்கியதிலே குசராத்துக்கும் உத்தரப்பிரதேசத்துக்கும் தலா 400 கோடிக்கு மேல். அரியானாவுக்கு 100 கோடிகூட எட்டவில்லை, தமிழகத்துக்கும் அப்படியே. 2024-இல் பாரிஸ் நகருக்குச் சென்ற 117 பேரிலே அரியானா அனுப்பியது 24 பேர், தமிழகம் 13 பேர், குசராத் 2 பேர்! பின்தங்கிய இடத்துக்குக் கூடுதலாகக் கொடு, மறுக்கவில்லை. ஆனால் ஓடுகிறவன் வாயிலே மண்ணையா போடுவது? அரசியல் சட்டத்திலே விளையாட்டு, மாநிலப் பட்டியலில் 33-ஆவது இனம். பொறுப்பு மாநிலத்துக்கு, பெரிய பணப்பெட்டியோ டில்லிக்கு. இது என்ன நியாயம்?

சிலர் கேட்பர்: "பசிக்கே பணமில்லை, பந்துக்கா பணம்?" என்று. பணக்காரன் மகனுக்குக் கிளப் இருக்கிறது, காலணி இருக்கிறது, வெளிநாட்டுப் பயிற்சியாளர் இருக்கிறார். அப்பனின் பணப்பையே அவனுக்கு மானியம்! ஆலைத் தொழிலாளியின் மகளைப் போட்டிக்கு அழைத்துப்போக வேண்டுமானால், அப்பனுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். அந்தக் கூலியையும், பேருந்துக் கட்டணத்தையும், அவள் தின்னும் முட்டையையும் அரசு தராவிட்டால் வேறு யார் தருவார்? நாம் கேட்பது பிச்சையல்ல; தீப்பெட்டி வாங்கும்போதும் வரி கட்டுகிறோமே, அந்தப் பணத்திலே நம் பங்கு!

எனவே, கையொலியோடு நின்றுவிடாதே, தோழா. மானியம் சங்கத்துக்குப் போனால் கணக்குக் கேள். பந்தைத் தொட்டறியாத தலைவர் பயணப்படிக்குப் போனதா, பிள்ளையின் தட்டுக்குப் போனதா என்று கேள். 2024-இல் தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் விளையாட்டுக் கருவிகள் கொடுப்பதாகத் திட்டம் வந்ததே, உன் ஊருக்கு வந்த மட்டையும் பந்தும் பூட்டிய அறையிலே உறங்குகின்றனவா, பிள்ளைகள் கையிலே துள்ளுகின்றனவா? கிராம சபையிலே எழுந்து கேள். ஆட நிலம் எங்கே, சொல்லிக் கொடுக்க ஆள் எங்கே என்று கேள். நம் ஆட்சியானாலும் கேள். கேட்காத உரிமை துருப்பிடிக்கும்.

மாலைக்கு அவசரமில்லை; பூ நாளையும் பூக்கும். ஆனால் இன்று பசித்த வயிற்றோடு ஓடும் சிறுவனுக்கு, நாளை பதினாறு வயது, மறுநாள் பட்டறை!